பக்கத்து நாட்டின் சாட்சி: ஸ்காட்லாந்தின் மதுவிலையும் அந்த 156 உயிர்களும்

ஸ்காட்லாந்தில் 2018 மே 1 முதல் மதுவுக்கு ஒரு அடிமட்ட விலை இருக்கிறது. தொடக்கத்தில், ஒரு யூனிட் ஆல்கஹாலை 50 பென்ஸுக்குக் கீழே யாரும் விற்கக் கூடாது என்று இருந்தது. யூனிட் என்றால் 10 மில்லி சுத்த ஆல்கஹால். 40% விஸ்கி, 700 மில்லி பாட்டில் என்றால் 28 யூனிட். அதாவது அப்போது 14 பவுண்டுக்குக் குறைத்து அதை விற்க முடியாமல் இருந்தது. நல்ல விஸ்கி வாங்குபவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது, அது ஏற்கெனவே அதற்கு மேல்தான் விற்கிறது. அடி வாங்குவது மலிவான சைடரும் வோட்காவும்தான்.

சட்டம் வருவதற்கு முந்தைய கடைசி முழு ஆண்டு 2017. அந்த ஆண்டு ஸ்காட்லாந்தில் நேரடியாகக் குடியால் இறந்தவர்கள் 1,120 பேர். 2023இல் 1,277 பேர். 2008க்குப் பிறகு அதுதான் உச்சம்.

அதே 2023 மார்ச்சில் லான்செட் இதழில் ஒரு ஆய்வு வந்தது. கிராண்ட் வைப்பர் தலைமையிலான குழு. அவர்கள் முடிவு: இந்தச் சட்டத்தால் குடி மரணங்கள் 13.4% குறைந்தன, சராசரியாக ஆண்டுக்கு 156 உயிர்கள் தப்பின.

ஒரு பக்கம் எண்ணிக்கை ஏறியிருக்கிறது, இன்னொரு பக்கம் குறைந்தது என்கிறார்கள். யாரோ பொய் சொல்றாங்க என்றுதான் முதலில் தோன்றும். யாரும் பொய் சொல்லவில்லை. "முன்பைவிடக் குறைந்ததா?" என்பது ஒரு கேள்வி. "சட்டம் இல்லாமல் இருந்திருந்தால் நடந்திருக்கக்கூடியதைவிடக் குறைந்ததா?" என்பது வேறு கேள்வி. லான்செட் ஆய்வு இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. பிரச்சினை என்னவென்றால், சட்டம் இல்லாத ஸ்காட்லாந்து என்று ஒன்று எங்கேயும் கிடையாது. அதனால் அந்த இடத்தில் பக்கத்து நாடான இங்கிலாந்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

மென்பொருள் ஆட்களுக்கு இது பழகிய விஷயம். ஏ/பி டெஸ்ட்டில் பாதிப் பேருக்குப் புது பட்டன், மீதிப் பேருக்குப் பழைய பட்டன், பிறகு கணக்கு. ஆனால் அங்கே யார் எந்தப் பக்கம் போகிறார் என்பதைக் காசு சுண்டிப் போட்டுத் தீர்மானிக்கிறோம். அதனால்தான் முடிவை நம்புகிறோம். இங்கே யாரும் காசு சுண்டவில்லை. இங்கிலாந்து பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். அது சாட்சி சொல்லத் தகுதியான ஆளா என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறேன்.

முதலில், எதை எண்ணுகிறோம்?

குடி மரணம் என்பதைப் பல விதமாக எண்ணலாம். குடியால் வரும் புற்றுநோய், சாலை விபத்து, இதய நோய் எல்லாவற்றிலும் ஒரு பங்கைக் குடியின் கணக்கில் எழுதலாம். எண் மிகப் பெரிதாக வரும், ஆனால் அதில் பாதி மாடல், பாதி அனுமானம். மேலே நான் கொடுத்தது அதுவல்ல. குடி இல்லாமல் வரவே முடியாத காரணங்களால் நேர்ந்த மரணங்களை மட்டும் எண்ணிய கணக்கு அது: குடியால் வரும் கல்லீரல் நோய், ஆல்கஹால் நஞ்சேற்றம், குடிக்கு அடிமையாதல் போன்றவை. இதில் முக்கால்வாசி கல்லீரல்தான்.

பிரிட்டனின் நான்கு நாடுகளும், அதாவது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து, 2017க்குப் பிறகு ஒரே பட்டியலை வைத்துத்தான் எண்ணுகின்றன. அதற்கு முன்பு இருந்த வரையறையில் காரணம் தெரியாத சிரோசிஸ்கூட உள்ளே இருந்தது. அதனால் பழைய கட்டுரைகளில் வரும் எண்களையும் இன்றைய எண்களையும் ஒரே கிராஃபில் போட்டுவிடாதீங்க.

நாடுகளை ஒப்பிடும் கட்டுரைகளில் பாதி இந்த இடத்திலேயே விழுந்துவிடும். ஒரு நாட்டில் சந்தேக மரணங்களுக்கெல்லாம் பிரேதப் பரிசோதனை நடக்கும், பக்கத்து நாட்டில் நடக்காது. முதல் நாட்டில் குடி மரணம் அதிகமாகத் தெரியும். அங்கே குடி அதிகம் என்பதைவிட, தேடிப் பார்க்கிறார்கள் என்பதே காரணமாக இருக்கலாம். பிரிட்டனில் இந்தத் தொல்லை குறைவு. ஆக, ஒப்பீட்டுக்கு இதைவிட வசதியான இடம் கிடைப்பது கஷ்டம். இங்கேயே சிக்கல் வந்தால், மற்ற இடங்களில் கேட்கவே வேண்டாம்.

பக்கத்து வீட்டை மாற்றினால் பதிலும் மாறுகிறது

நான்கு நாடுகளின் எண்களையும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுப் பார்த்தேன். 2019இலிருந்து 2023 வரை:

இங்கிலாந்து: 5,820 இலிருந்து 8,274. 42% ஏற்றம்.
ஸ்காட்லாந்து: 1,020 இலிருந்து 1,277. 25% ஏற்றம்.
வேல்ஸ்: 368 இலிருந்து 562. 53% ஏற்றம்.
வட அயர்லாந்து: 336 இலிருந்து 341. ஒன்றரை சதவீத ஏற்றம்.

இங்கிலாந்தில் அடிமட்ட விலைச் சட்டம் இல்லை. அதோடு ஒப்பிட்டால் ஸ்காட்லாந்து தப்பித்தது. வட அயர்லாந்திலும் அந்தச் சட்டம் இல்லை. அதோடு ஒப்பிட்டால் ஸ்காட்லாந்து மோசம். வேல்ஸ் 2020 மார்ச் 2 அன்று ஸ்காட்லாந்தைப் பார்த்து அதே 50 பென்ஸ் சட்டத்தைக் கொண்டுவந்தது. நான்கில் அதிகம் ஏறியது அதுதான்.

இந்த நான்கு வரிகளை வைத்துக்கொண்டு சட்டத்தை ஆதரித்தும் எழுதலாம், எதிர்த்தும் எழுதலாம். ஒரு எண்ணையும் திரிக்க வேண்டியதில்லை. எந்த வரியைக் காட்டுவது என்று தேர்ந்தெடுத்தால் போதும்.

இன்னொரு வேலையும் செய்து பார்த்தேன். முடிவு ஆண்டு அதே 2023, தொடக்க ஆண்டை மட்டும் மாற்றினேன். 2018இலிருந்து எண்ணினால் ஸ்காட்லாந்து 1,136 இலிருந்து 12% ஏற்றம், வட அயர்லாந்து 284 இலிருந்து 20% ஏற்றம். இப்போ ஸ்காட்லாந்து நல்ல பிள்ளை. 2017இலிருந்து எண்ணினால் ஸ்காட்லாந்து 14%, வட அயர்லாந்து 303 இலிருந்து 12.5%. இப்போ இரண்டும் சமம். மூன்று தொடக்க ஆண்டுகள், மூன்று தீர்ப்புகள்.

வட அயர்லாந்து இப்படி ஆடுவதற்குக் காரணம் அது சின்ன நாடு. ஆண்டுக்கு 300 சொச்சம் மரணம் என்றால், எந்தக் காரணமும் இல்லாமலே 30, 35 கூடவோ குறையவோ செய்யும். 284 ஒரு தாழ்ந்த ஆண்டு, 336 ஒரு உயர்ந்த ஆண்டு. எதிலிருந்து அளக்கத் தொடங்குகிறோமோ அதுதான் கதையை எழுதுகிறது. வேல்ஸுக்கும் இதே கதை, தலைகீழாக: அங்கே 2018இல் லட்சத்துக்கு 13.1 ஆக இருந்த விகிதம் 2019இல் 11.8க்கு இறங்கியிருந்தது. பள்ளத்திலிருந்து அளந்தால் மேடு உயரமாகத்தான் தெரியும்.

இங்கிலாந்து மட்டும் அசையவில்லை. 2017, 2018, 2019 எதிலிருந்து அளந்தாலும் 42 முதல் 45% ஏற்றம். பெரிய நாடு, நிலையான எண். லான்செட் குழு இங்கிலாந்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இது ஒரு வலுவான நியாயம். இதை அவர்களுக்குச் சாதகமாகவே எழுதி வைக்கிறேன்.

ஆனால் இந்த இரண்டு பேரும் சேர்ந்து நடந்தவர்களா?

நிலையான எண் மட்டும் போதாது. சட்டம் வருவதற்கு முன்பு இரண்டு நாடுகளும் ஏறினால் சேர்ந்து ஏறி, இறங்கினால் சேர்ந்து இறங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் பிறகு வரும் விலகலைச் சட்டத்தின் கணக்கில் எழுதலாம்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. ஸ்காட்லாந்தின் குடி மரணங்கள் 2006இல் 1,417. 2012இல் 968. ஆறே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போனது, அடிமட்ட விலை என்ற ஒன்று இல்லாமலே. அதே காலத்தில் இங்கிலாந்தில் அப்படி ஒரு சரிவு இல்லை. அதாவது இரண்டு நாடுகளும் தனித்தனிப் பாதையில் நடந்திருக்கின்றன.

அந்தச் சரிவு ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. 2008 பொருளாதார நெருக்கடியில் ஏழைகளின் கையில் காசு குறைந்தது ஒன்று. இன்னொன்று சோகமானது: 1980களில் தொழிற்சாலைகள் மூடப்பட்டபோது வேலை இழந்து குடியில் விழுந்த ஒரு தலைமுறையின் மரணங்கள் 2000களின் தொடக்கத்தில் உச்சம் தொட்டு, பிறகு அந்த அலை தானாகவே அடங்கியது. அதாவது இறக்க வேண்டியவர்கள் இறந்து முடித்துவிட்டார்கள். இது சரியென்றால், அந்தச் சரிவுக்கு எந்த அரசும் மாலை போட்டுக்கொள்ள முடியாது.

லான்செட் ஆய்வு தன் தரவை 2012 ஜனவரியில் தொடங்குகிறது. சரிவு முடிந்து, எண்ணிக்கை திரும்ப ஏற ஆரம்பித்த இடம் அது. 2012இலிருந்து 2017 வரை ஸ்காட்லாந்தில் 16% ஏற்றம். அந்த ஏறுமுகத்தை முன்னால் நீட்டித்தால், "சட்டம் இல்லாவிட்டால் இன்னும் ஏறியிருக்கும்" என்று வருவது இயல்பு. 2006இலிருந்து தொடங்கியிருந்தால் அந்தக் கோடு வேறு மாதிரி போயிருக்கும். 2012 தொடக்கத்துக்கு நியாயம் இல்லாமல் இல்லை: 2011 அக்டோபரில்தான் ஸ்காட்லாந்தில் "மூன்று வாங்கினால் விலை குறைவு" வகைச் சலுகைகள் தடை செய்யப்பட்டன. அதற்கு முந்தைய காலத்தைக் கலந்தால் இரண்டு சட்டங்களின் விளைவும் குழம்பும். ஆனாலும், தொடக்கப் புள்ளி முடிவைப் பாதிக்கும் என்பதை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு நாடுகளும் எவ்வளவு வேறுபட்டவை என்பதற்கு இன்னும் இரண்டு தகவல்கள். 2019இல் ஸ்காட்லாந்தில் தலைக்கு விற்ற ஆல்கஹால் இங்கிலாந்து, வேல்ஸைவிட 9% மட்டுமே அதிகம். ஆனால் மரண விகிதம் லட்சத்துக்கு 18.6, இங்கிலாந்தில் 10.9. எழுபது சதவீதம் அதிகம். 9% கூடுதல் குடி 70% கூடுதல் மரணத்தை விளக்காது.

சரி, வறுமைதான் காரணம் என்பீர்கள். அதைச் சோதித்த ஆய்வும் இருக்கிறது. 2010இல் வெளியான ஒரு ஆய்வு கிளாஸ்கோவை லிவர்பூல், மான்செஸ்டர் நகரங்களோடு ஒப்பிட்டது. மூன்றுக்கும் வறுமை அளவு கிட்டத்தட்ட ஒன்றே. மூன்றும் பழைய தொழில் நகரங்கள். இருந்தும் கிளாஸ்கோவில் குடி தொடர்பான மரணம் 2.3 மடங்கு. நான் படித்த பக்கத்து நாட்டு ஒப்பீடுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். "பக்கத்தில் இருக்கிறது" என்று விட்டுவிடாமல், எதில் ஒத்திருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அப்படிப்பட்ட நகரங்களைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். அதன் பாடம் இதுதான்: வறுமையைச் சமன் செய்த பிறகும் இந்த இரண்டு நாடுகளும் ஒன்றல்ல.

அப்படியானால் ஆய்வு தப்பா?

இல்லை. இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு "பார்த்தீங்களா, எல்லாம் புள்ளிவிவர மோசடி" என்று யாராவது கிளம்பினால் அதையும் நான் ஏற்க மாட்டேன். சாட்சி ஒரு ஆளாக இருந்தால் சந்தேகப்படலாம். இங்கே வேறு சாட்சிகளும் இருக்கிறார்கள்.

ஒன்று, விற்பனை. சட்டத்துக்குப் பிறகு ஸ்காட்லாந்தில் ஆல்கஹால் விற்பனை, இங்கிலாந்து, வேல்ஸோடு ஒப்பிடுகையில், 3% குறைந்தது. விலை ஏற்றத்தால் அதிகம் அடிபட்ட சைடர் போன்ற பொருட்களில்தான் பெரிய சரிவு. விலைதான் காரணம் என்றால் எங்கே குறைய வேண்டுமோ அங்கே குறைந்திருக்கிறது.

இரண்டு, யார் தப்பினார்கள் என்பது. ஆய்வில் மரணக் குறைவு அதிகம் தெரிந்தது மிக ஏழ்மையான பகுதிகளில், கல்லீரல் நோய் போன்ற நாள்பட்ட காரணங்களில். மலிவு மதுவை அதிகம் குடிப்பவர்கள் அங்கேதான். ஸ்காட்லாந்தின் மிக ஏழ்மையான பகுதிகளில் குடி மரண விகிதம் வசதியான பகுதிகளைவிட 4 மடங்குக்கு மேல்.

மூன்று, நேரம். 2018இலிருந்து 2019க்கு, கோவிட் வருவதற்கு முன்பே, ஸ்காட்லாந்தில் 10% சரிவு. அதே காலத்தில் இங்கிலாந்தில் 2% ஏற்றம்.

"கல்லீரல் கெட 20 வருஷம் ஆகும், விலை ஏறி ஒரே வருஷத்தில் மரணம் எப்படிக் குறையும்?" என்று கேட்பவர்களுக்கு ஃபின்லாந்து பதில் சொல்கிறது. 2004இல் பக்கத்து நாடான எஸ்டோனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. அங்கிருந்து மலிவு மது வந்து குவியும் என்று பயந்து, ஃபின்லாந்து தன் மது வரியைச் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. அடுத்த இரண்டே ஆண்டில் குடி மரணங்கள் ஆண்களில் 16%, பெண்களில் 31% கூடின. பெரும்பகுதி நாள்பட்ட நோய்கள், அதிலும் கல்லீரல். கல்லீரல் கெட 20 ஆண்டு ஆகலாம். ஆனால் 19 ஆண்டு குடித்து விளிம்பில் நிற்பவர்கள் எப்போதும் ஒரு கூட்டம் இருப்பார்கள். விலை ஒரு படி இறங்கினால் விழுவது அவர்கள். ஒரு படி ஏறினால் நிற்பதும் அவர்கள்தான்.

அதனால் என் தீர்ப்பு: சட்டம் உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் "13.4%" என்ற அந்தத் தசமப் புள்ளியை நம்பவில்லை. ஆய்வாளர்களே 8.3இலிருந்து 18.4 வரை என்றுதான் இடைவெளி கொடுக்கிறார்கள். அந்த இடைவெளியும் இங்கிலாந்து சரியான சாட்சி என்று வைத்துக்கொண்டு போட்டது. சாட்சியே கொஞ்சம் சாய்ந்து நின்றால் அந்தச் சாய்வு இதில் வராது. தவிர, ஆய்வுக் காலமான 32 மாதங்களில் கடைசி ஒன்பது, பத்து மாதங்கள் கோவிட். அந்த ஆண்டு இங்கிலாந்தில் சுமார் 20%, ஸ்காட்லாந்தில் 17% ஏற்றம். இந்த வித்தியாசத்தில் எவ்வளவு விலையால், எவ்வளவு ஊரடங்கில் யார் எப்படிக் குடித்தார்கள் என்பதால்? பிரித்துச் சொல்வது லேசான வேலையில்லை.

ஆய்வில் தலைப்புச் செய்திக்கு வராத பகுதியும் உண்டு. மருத்துவமனைச் சேர்க்கை 4.1% குறைந்தது என்கிறார்கள், ஆனால் அதன் இடைவெளி பூஜ்யத்தைத் தொட்டுக் கடக்கிறது. திடீர் பாதிப்புகளுக்கான சேர்க்கை குறையவில்லை, கூடிய திசையில்தான் இருக்கிறது. குடிக்கு முழுதாக அடிமையானவர்கள் குடியைக் குறைத்ததற்குத் தெளிவான ஆதாரம் இல்லை, சிலர் சாப்பாட்டுச் செலவைக் குறைத்துப் பாட்டில் வாங்கினார்கள் என்று தனி ஆய்வுகள் சொல்கின்றன. கூடுதல் விலையும் அரசு கஜானாவுக்குப் போகவில்லை. இது வரி இல்லை, அதனால் அந்தக் காசு கடைக்காரருக்கும் தயாரிப்பாளருக்கும் போனது. அதில் ஒரு பவுண்டு சிகிச்சைக்கு வரும் என்று சட்டத்தில் வழி இல்லை.

ஏன் இவ்வளவு நோண்டல்?

இது கிராஃப் சண்டை மட்டும் இல்லை என்பதால். இந்தச் சட்டம் ஆறு ஆண்டுக் கெடுவோடு வந்தது. நாடாளுமன்றம் மீண்டும் வாக்களிக்காவிட்டால் 2024 ஏப்ரலோடு தானாகக் காலாவதி ஆகியிருக்கும். அந்த 13.4%தான் விவாதத்தின் மையத்தில் இருந்தது. சட்டம் நீடித்தது, 2024 செப்டம்பர் 30 முதல் 65 பென்ஸ் ஆனது. அந்த விஸ்கி பாட்டிலின் அடிமட்ட விலை இப்போ 18 பவுண்டு 20 பென்ஸ். 2024இல் ஸ்காட்லாந்தின் குடி மரணங்கள் 1,185, முந்தைய ஆண்டைவிட 7% குறைவு. புது விலை அந்த ஆண்டில் மூன்று மாதம்தான் இருந்தது, அதனால் இதை வைத்துக் கொண்டாடவும் வேண்டாம்.

ஒரு அரசு 13.4%ஐ மட்டும் காட்டினால், "வேலை முடிந்தது" என்று சிகிச்சையைத் தள்ளிப்போட அதுவே சாக்காகும். ஒரு எதிர்க்கட்சி 1,277ஐ மட்டும் காட்டினால், உண்மையில் வேலை செய்கிற ஒரு சட்டம் தூக்கி எறியப்படலாம். இரண்டிலும் நஷ்டம் யாருக்கு என்றால், விளிம்பில் நிற்கும் அந்த ஏழைக்குத்தான்.

இனி எங்கேயாவது "பக்கத்து நாட்டைப் பாருங்கள்" என்று ஒரு குடி மரணக் கிராஃப் வந்தால், நான் மூன்று கேள்வி கேட்பேன். இரண்டு நாடும் ஒரே மாதிரிதான் எண்ணுகின்றனவா? கிராஃப் தொடங்கும் ஆண்டு பள்ளமா, மேடா? இந்தப் பக்கத்து வீட்டை விட்டு அந்தப் பக்கத்து வீட்டைக் காட்டினால் கதை நிற்குமா? ஸ்காட்லாந்து ஆய்வு முதல் கேள்வியில் நன்றாகத் தேறுகிறது, இரண்டாவதில் திணறுகிறது, மூன்றாவதில் பாதி தேறுகிறது. கிளாஸ்கோ ஆய்வு செய்ததுபோல, சாட்சியைக் கூப்பிடும் முன் அவர் ஏன் பொருத்தமானவர் என்று சொல்லிவிட்டால் பாதிச் சண்டை வராது.

அந்த 156 பேரில் ஒருவருக்குக்கூடத் தான் தப்பியது தெரியாது. ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை சைடர் விலையைப் பார்த்து ஒரு பாட்டில் குறைவாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் அவர்கள். 156ஆ, 90ஆ, 200ஆ என்று நம்மால் சொல்ல முடியாது. பூஜ்யம் இல்லை என்று மட்டும் ஓரளவு தைரியமாகச் சொல்லலாம்.